ரீத்தா டீச்சர் உடைக்காத முட்டை

ரீத்தா டீச்சர் போய்விட்டாள் என்ற செய்தி எனக்குப் பட்டாசுச் சத்தத்தின் நடுவில் வந்தது. யுத்தம் முடிந்துவிட்டதென்று மாத்தளைக் கடைத்தெருவில் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் பாற்சோறு பகிர்ந்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் வந்தது அவளிடம் விலங்கியல் படித்த ஜெயந்தி. “மிஸ், நம்ம ரீத்தா டீச்சர்...” என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லுடி!” என்று கத்தினேன். அவளும் கத்தினாள். சந்தையில் விலை பேசுகிறவர்கள் மாதிரி இருவரும் கத்திக் கத்தி ஒரு சாவைச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. போனை வைத்துவிட்டு, உரித்த காயையெல்லாம் மறுபடி ஒருமுறை உரித்தேன்.

‘அவர்’ என்று மரியாதை போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒரே ஆசிரியர் அறையில், ஒரே மேசையில், அவள் விலங்கியல் விடைத்தாள் திருத்த எதிரே நான் கணக்கு விடைத்தாள் திருத்தி, தலை நரைக்கும்வரை சண்டை பிடித்தவர்கள் நாங்கள். நான் ‘அவர்’ போட்டால், “யாருடி அது, புதுசா வந்த பிரின்சிபலா?” என்று கேட்பாள். ஆகவே ‘அவள்’தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செத்த வீட்டில் அவளுடைய பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தலைமாட்டில் மெழுகுதிரி எரிந்தது, செபமாலை சொல்லி முடிந்தது, பிளேன்டீ வந்தது. அந்த நேரம், இன்று டொக்டராக இருக்கும் ஒருவன் என்னிடம் வந்து கேட்டான். “மிஸ், மத்தப் பள்ளிக்கூடங்கள்ல எல்லாம் கோழி முட்டைய உடைச்சுக் கருவைக் காட்டினாங்க. நம்ம டீச்சர் மட்டும் ஏன் ஒருநாளும் உடைக்கல?” பக்கத்தில் நின்றவள், பாவம் பார்த்திருப்பார் என்றாள். இன்னொருத்தன், முட்டைக்குச் செலவழிக்க மனம் வரவில்லையாக்கும் என்று சொல்லிச் சிரித்தான். கஞ்சத்தனமாம்! எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோப்பையை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். செத்த வீடாகப் போயிற்று. அவனுக்கும், அவளிடம் படித்த உங்கள் எல்லாருக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பாடம் உங்களுக்கு மறந்திருக்காது. கரும்பலகையில் மஞ்சள் சோக்கால் பெரிய வட்டம் போடுவாள், அது மஞ்சட்கரு. நடுவில் வெள்ளைச் சோக்கால் நகத்தளவில் கோழிக்கரு. அதைச் சுற்றிச் சிவப்புச் சோக்கால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போவாள். “இதுதான் குருதித் தீவுகள்,” என்பாள். “மொதல்ல ஒரு குழாயும் கிடையாது. செல்லுங்க அங்கங்க கூட்டம் கூட்டமா ஒதுங்கும். ஒரு கூட்டத்துக்கு மத்தக் கூட்டம் இருக்கிறதே தெரியாது. ஓரத்துல இருக்கிறது சுவராகும். நடுவுல இருக்கிறது ரத்தமாகும். அப்புறம் ஒவ்வொண்ணும் பக்கத்துல யாரு இருக்கான்னு கைய நீட்டும். தொட்டுதுன்னா ரெண்டும் திறந்து ஒண்ணாகும்.” சொல்லிக்கொண்டே புள்ளிகளை இழுத்து இழுத்துச் சேர்ப்பாள். பலகை முழுவதும் சிவப்பு வலை விரியும். “இதுல எந்த வழியில ரத்தம் ஓடுதோ அது பெருக்கும். ஓடாத வழி தூந்து போகும். கணக்கு டீச்சர் மாதிரி மூலைக்கு மூலை அளந்து கட்டினது இல்ல.”

பக்கத்து வகுப்பிலிருக்கும் எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அந்தக் கடைசி வரி. பிறகு கருவின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துச் சொல்வாள்: “வழி முழுசா ஆகுறதுக்கு முன்னமே இதயம் அடிக்கத் தொடங்கிடும். அனுப்புறதுக்கு ரத்தம் இல்லாட்டியும் அடிக்கும்.” அதோடு சோக்கை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, ஜன்னலடிக்குப் போய்விடுவாள். நீங்கள் பார்த்து எழுதுவதற்கு நேரம் விடுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள்.

அவள் முட்டை உடைத்த காலமும் இருந்தது. எல்கடுவ தோட்டத்தில் வேலை பார்த்த என் அப்பா ஒரு பழைய தேயிலைப் பெட்டி கொண்டுவந்து தந்தார். அதற்குள் ஒரு குண்டு பல்ப், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு வெப்பமானி. அதுதான் எங்கள் ஆய்வுகூடத்தின் அடைகாக்கும் பெட்டி. கடை முட்டை சரிவராது, சேவலோடு திரிகிற கோழியின் முட்டைதான் வேண்டும். பாடசாலைக்குப் பின்சந்து ஒழுங்கையில் இருந்த ரஹீமா தாத்தா தன் வீட்டுக் கோழி முட்டைகளைக் கொடுப்பார். அங்கே முஸ்லிம்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். ஊரில் பாதிப் பிள்ளைகளைப் பேறு பார்த்து எடுத்தவர் அவர். இரண்டு மூன்று நாள் சூட்டில் வைத்த முட்டையை ரீத்தா எடுத்து, ஓட்டில் நகம் வெட்டும் கத்தரியால் சின்ன ஜன்னல் திறப்பாள். என்னையும் பார்க்கக் கூப்பிட்டாள். “சீ, மூடு அதை,” என்றேன். “இவளுக்கு உயிரோட இருக்கிறது எதுவும் பிடிக்காது புள்ளைங்களா, எக்ஸ், வைதான் பிடிக்கும்,” என்று வகுப்புக்கே சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கடைத்தெரு எரிந்தபோது பெட்டிக்குள் முட்டைகள் இருந்தன. ரீத்தாவின் புருஷன் சேவியர் வியாபாரத்துக்கு மரக்கறி வாங்க அன்று காலையில்தான் நாவுலைக்குப் போயிருந்தார். பிறகு பஸ் ஓடவில்லை. அவர் எங்கே என்றே தெரியாது. பாடசாலைக்குப் பக்கத்து மாதா கோயில் மண்டபத்தைச் சுவாமியார் திறந்துவிட்டார். நான் கைக்குக் கிடைத்த துணிமணியை அள்ளிக்கொண்டு ஓடினேன். அவள் வெறுங்கையோடு வந்தாள். ஆனால் வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்துவந்தாள். சேலைக்குள்ளே, சேவியருடைய சாரத் துணியில் சுற்றி, முட்டைகளை வயிற்றோடு கட்டியிருந்தாள்.

“உனக்கென்ன பைத்தியமா? ஊரே எரியுது, நீ முட்டையக் கட்டிக்கிட்டு நிக்கிற!” என்றேன்.

“கரன்ட் போயிட்டுது தனம். பெட்டி ஆறிடும். இன்னிக்கு நாளைக்குத்தான் துடிக்கத் தொடங்கும், விட்டுட்டு வர மனசு வரல.”

“மனுசரே தப்புவாங்களோ தெரியல!”

“அதுதான் சொல்றேன்,” என்றாள்.

மறுநாள் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு வந்தவர்தான் பாக்கியம் அக்கா. எல்கடுவப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், குடியிருந்த லயத்துக் காம்பரா எரிந்து, உடுத்த துணியோடு இறங்கி வந்தவர். வந்ததும் அவருடைய கண் ரீத்தாவின் வயிற்றில்தான் விழுந்தது. “டீச்சரம்மாவுக்கு அஞ்சு மாசம் இருக்குமா?” என்று கேட்டார். ரீத்தா என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். சுவரோரத்தில் சாய்ந்துகொள்ள இடம் கிடைத்தது. எல்லாருக்கும் அரைக் கோப்பை கஞ்சி, அவளுக்கு முழுக் கோப்பை.

“வெக்கமா இல்லையா உனக்கு?” என்று காதோடு கேட்டேன்.

“முட்டைன்னு சொன்னா பசியோட கிடக்கிற புள்ளைங்களுக்குக் குடுக்கணும். கருப்பிடிச்ச முட்டைய எந்தப் புள்ளைக்குக் குடுக்கிறது? பேசாம இரு,” என்றாள். தன் கஞ்சியில் பாதியைப் பக்கத்துப் பிள்ளையின் கோப்பையில் ஊற்றினாள். நான் கோபித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சியை வெறுமனே விடமாட்டார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சாவு நடந்த இடத்தைத் தாண்டினாலோ, அந்தி நேரம் வெளியே போனாலோ, இடுப்பில் ஓர் இரும்புத் துண்டும் வேப்பிலையும் செருகிவிடுவார்கள். காத்துக் கருப்பு அண்டாதாம். ஊரெல்லாம் சாவு என்றால் பாக்கியம் அக்கா சும்மா இருப்பாரா? மண்டபத்து உடைந்த வாங்குப் பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி, முற்றத்து வேம்பில் இலை பறித்து, ரீத்தா சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்த மத்தியானத்தில் அவளுடைய இடுப்புச் சேலைக்குள் செருகிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ரீத்தா விழித்து, எழுந்திருக்கக் கையை ஊன்றிக் குனிந்தாள். ஆணி முட்டையில் ஏறியது.

சேலையில் ஈரம் பரவியது. அதில் சிவப்பு. பாக்கியம் அக்கா போட்ட கூச்சலில் மண்டபமே எழுந்து நின்றது. “ஐயோ, டீச்சரம்மாவுக்குக் கலைஞ்சிருச்சே! மாரியாயி, என் கையால ஆயிருச்சே!” யாரோ பின்சுவர் வழியாக ஓடி ரஹீமா தாத்தாவைக் கூட்டிவந்தார்கள். அவர் முக்காட்டை இழுத்துவிட்டபடி உட்கார்ந்து, “தள்ளி நில்லுங்க எல்லாரும். பயப்படாதீங்க மக, நான் ஈக்கேன்,” என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தார். சாரத்துக்குள் முட்டைகள். தாத்தா ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். “அல்லாஹ்வே! இது என்ட வீட்டுக் கோழிட முட்டையல்லவா!”

அதற்குச் சிரித்தோம் பாருங்கள்! மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து ஒருவர்கூடச் சிரித்திருக்கவில்லை. முதலில் சிரித்தது ரீத்தா. பிறகு பாக்கியம் அக்கா, கண்ணீர் வழியத் தலையில் அடித்துக்கொண்டு. பிறகு எல்லாரும். வீடெரிந்த கிழவர்கள் சிரித்தார்கள். சுவாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் வயிறு நோகச் சிரித்தேன்.

“ஒரு சோசர் குடுங்க, வெந்நீரும் உப்பும் கொஞ்சம்,” என்றாள் ரீத்தா. உடைந்த முட்டையை இளஞ்சூடான உப்புத்தண்ணீரில் மெதுவாக இறக்கினாள். எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே, சோசரை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டாள். “கைச் சூடு அதுக்குப் போகட்டும். கிட்ட வந்து பாருங்க.”

ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். நானும்தான் அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தேன். மஞ்சளின் மேல் மயிரிழை மாதிரிச் சிவப்புக் கோடுகள் ஒரு வட்டத்துக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தன. நடுவில் கடுகளவு ஒரு புள்ளி. அது அடித்துக்கொண்டிருந்தது. ஓடு உடைந்து, வெள்ளைக்கரு சேலையோடு போய், யார் யாரோ முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அது தன் பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ரீத்தா குருதித் தீவுகளைப் பற்றிச் சொன்னாள். தனித்தனியாகக் கிடந்தவை எப்படிக் கை நீட்டிச் சேர்கின்றன என்று சொன்னாள். வகுப்பில் சொல்வதைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள். பாக்கியம் அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டார். எனக்குத் தெரிய அவள் நடத்திய பாடங்களிலெல்லாம் சிறந்த பாடம் அதுதான்.

தண்ணீர் ஆறிக்கொண்டு வந்தது. புள்ளி விட்டு விட்டு அடித்தது. கடைசியாக எட்டிப் பார்த்தவர் பாக்கியம் அக்கா. “நின்னுபோச்சா டீச்சரம்மா?”

“நின்னுட்டுதுங்க அக்கா,” என்றாள் ரீத்தா. சோசரைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “தனம், என்னை மெதுவாப் பின்னறைக்குக் கூட்டிட்டுப் போ. தாத்தாவையும் வரச்சொல்லு. வேற யாரும் வேணாம்.”

நான் கைகொடுத்துத் தூக்கினேன். அவள் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒரு முட்டையில் அவ்வளவு இரத்தம் இராது.

பின்னறையில் தாத்தா செய்யவேண்டியதைச் செய்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே இன்னும் முட்டைக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து அவளுக்குத் தங்கியது அது. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சேவியரிடம்கூட. அவர் நாவுலையிலிருந்து வந்ததும் சொல்லலாம் என்று இருந்தாளாம். “அந்த ஆணியாலயா?” என்று கேட்டேன்.

“இல்ல. ஆணி தோல்லகூடப் படல. காலையிலேயே தொடங்கிட்டுது.”

“காலையிலேயா? பின்ன ஏண்டி சொல்லல?”

“சொல்லி? ஊரடங்குல எங்க தூக்கிட்டுப் போவ?” பிறகு அவளே சொன்னாள். “எந்த வாரத்துல என்ன நடக்கும்னு எனக்குப் பாடம் தனம். இதயம் அடிக்கத் தொடங்கியிருக்கும். அது தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“அப்ப எப்படி அந்தச் சிரிப்புச் சிரிச்ச?”

“ரெண்டு நாளா எல்லாரும் அழுதுகிட்டே கிடந்தாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

தாத்தா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சில நாளில் சேவியர் உயிரோடு வந்தார். நாவுலையில் ஒரு சிங்களக் குடும்பம் அவரைப் பூசணிக்காய் அடுக்கிய அறையில் ஒளித்துவைத்துச் சோறு போட்டு, பிறகு மரக்கறி லொறியில் அனுப்பிவைத்தது. எல்லாரும் ரீத்தாவிடம், கடவுள் உன்னைக் கைவிடவில்லை என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள். அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. “நாவுலைக்குப் போனதாலதான்னு அந்த மனுசன் சாகும்வரை யோசிப்பாரு,” என்றாள். பாக்கியம் அக்காவிடமும் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். ஆணி காரணமில்லை என்று ரீத்தாவுக்குத் தெரியும், தாத்தாவுக்குத் தெரியும். பாக்கியம் அக்கா நம்புவாரா? “அது தன் கையையே வெட்டிப் போட்டுக்கும் தனம். அது இருக்கிற வரைக்கும் வாய் திறக்காத.”

மிச்ச முட்டைகளைத் தாத்தா கொண்டுபோய் அடைக்கோழியின் கீழே வைத்தார். ஒன்றே ஒன்றுதான் குஞ்சு பொரித்தது. அது சேவலாக வளர்ந்து, பின்மதிலில் ஏறி நின்று, பாட நேரமென்று பார்க்காமல் கூவும். அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அது கூவினால் டீச்சர் பாதி வசனத்தில் நிற்பாள், கூவி முடிந்தபிறகுதான் மீதியைச் சொல்வாள். வகுப்பில் சிரிப்பீர்கள். ஒருநாளும் அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் அதைப் பார்த்ததில்லை. தேயிலைப் பெட்டியில் அதன்பிறகு பழைய வரைபடங்களைத்தான் போட்டு வைத்தாள்.

பாக்கியம் அக்கா ஒவ்வொரு வருடமும் மாரியம்மன் தேருக்கு மாத்தளைக்கு வரும்போது அவளைப் பார்க்காமல் போகமாட்டார். விபூதியும் வாழைப்பழமும் கொண்டுவருவார். “இந்த வருசமும் ஒண்ணும் தங்கலையா டீச்சரம்மா? நான் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்பார். பிறகு அந்த முட்டைக் கதையைத் தொடங்கிச் சிரிப்பார். ரீத்தாவும் கூடவே சிரிப்பாள், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். நான் ஏதாவது சாக்குச் சொல்லிக் குசினிக்குள் போய்விடுவேன். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. அவளால் எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக அவளைப் பார்த்தது கண்டி ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோவென்று சேர்த்திருந்தபோது. சேவியர் போய்ச் சில வருடங்களாகியிருந்தன. இதயத்தின் ஒரு பெரிய குழாய் எப்போதோ அடைத்துவிட்டது, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய்கள் பெருத்து வழி பண்ணிக்கொண்டதால்தான் இவ்வளவு நாள் இருந்திருக்கிறீர்கள் என்று டொக்டர் சொன்னாராம். அவளுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். “பாத்தியாடி, கிழவியானாலும் அதுகளுக்குக் கை நீட்டுற பழக்கம் விடல!” என்றாள். நான் முறைத்தேன். சிரித்து முடித்துவிட்டு, “பாக்கியம் அக்கா போன மாசம் தவறிட்டாங்களாமே,” என்றாள். “ரஹீமா தாத்தா எப்பவோ போயிட்டாங்க. இனி நீயும் நானும்தான். எனக்கப்புறம் புள்ளைங்க கேட்டாச் சொல்லு, ஏன் உடைக்கலன்னு. சும்மா கஞ்சப் பிசினாரின்னு நினைச்சிக்கிட்டு இருக்காம.” அவளுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள், நீங்கள் என்ன பேசினீர்கள் என்று.

சொல்லிவிட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மூடியிருந்த வாய் இது.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம்தான். அந்த ஜூலைக்குப் பிறகு நான் முட்டையை நேரே சட்டியில் உடைத்ததில்லை. முதலில் ஒரு சோசரில் உடைத்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் சட்டியில் ஊற்றுவேன். மருமகளுக்குச் சிரிப்பு. “கடை முட்டைதானே மாமி, சேவலையே கண்டிருக்காது. அதுல என்னத்தத்தான் தேடுறீங்க?” என்பாள். ஒண்ணுமில்ல என்பேன். ரீத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையிலும் ஒன்றை உடைத்தேன். தெருவில் இன்னும் விட்டு விட்டுப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். வெறும் மஞ்சள், ஒன்றும் அசையவில்லை. எனக்குத் தெரியும், அசையாது. இருந்தும் சோசரை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, அடுப்பில் எண்ணெய் புகையும்வரை நின்றேன், கைச் சூடு அதற்குப் போகட்டும் என்று.